பனிக்காலத்தில் கேச் தேடல்: ஞாயிறு மதியமா, வேலைநாள் மாலையா?

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறோம். அதோடு டொராண்டோவின் ஸ்கார்பரோவில் எனக்குத் தெரிந்த ஜியோகேச்சிங் ஆட்களில் பாதிப் பேர் கடையைக் கட்டிவிடுகிறார்கள். "ஏப்ரல் வரட்டும், பார்க்கலாம்" என்பார்கள். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. இந்த விளையாட்டின் நல்ல பகுதி ஒன்று அந்த ஐந்து மாதத்தில்தான் கிடைக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி. யாரோ ஒருவர் 'கேச்' எனப்படும் டப்பா ஒன்றை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் குறியீட்டை இணையத்தில் போடுவார். நாம் தேடிப்போய், உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை நீக்கிய மறுநாளே, ஒரேகான் மாநிலத்தில் ஒருவர் கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்துவைத்து இதைத் தொடங்கினார். இன்று நிலத்துக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் மண்ணுக்குள் புதைக்க விதி இடம் தருவதில்லை. ஆனால் டொராண்டோவில் ஜனவரி வந்தால் பனியே புதைத்துவிடுகிறது.

டிசம்பர் 21 அன்று இங்கே சூரியன் 4.43க்கு மறைகிறது. வேலை முடிந்து வெளியே வரும்போது தெருவிளக்கு எரிகிறது. ஆகவே வேலைக்குப் போகிறவர்களுக்கு இருப்பது இரண்டே வழி: ஒன்று, வார இறுதிப் பகலில் காட்டுப் பாதை, இன்னொன்று, வேலைநாள் மாலை இருட்டு. இரண்டையும் பல குளிர்காலமாகச் செய்து பார்த்துவிட்டேன். என் ஓட்டு மாலைக்குத்தான். ஆனால் பகலுக்கு உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பகல்

மேப்பிள் காட்டுக்குள் ஜூலையில் ஜிபிஎஸ் பிடித்துப் பாருங்கள். ஈரமான இலைக்கூரை சிக்னலைக் குடித்துவிடும். திரையில் திசை காட்டும் முள் பத்து மீட்டர் இந்தப் பக்கம், பத்து மீட்டர் அந்தப் பக்கம் அலையும். ஜனவரியில் இலையே இல்லை. முள் ஓர் இடத்தில் நிற்கிறது, கண்ணுக்கும் தூரம் தெரிகிறது. கோடையில் பச்சைச் சுவராக நின்ற சரிவில், மரக்கிளையில் தொங்கும் டப்பாவை முப்பதடி தள்ளியிருந்தே பார்த்துவிடலாம்.

அப்புறம் உண்ணி. ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா பக்கம் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும்: லைம் நோயைப் பரப்பும் கறுங்கால் உண்ணிகள் அங்கே உண்டு. கோடையில் வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் காது மடல், முழங்கால் பின்புறம் எல்லாம் தடவிப் பார்த்தால்தான் நிம்மதி. வெப்பம் 4 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் உண்ணி பெரும்பாலும் அசையாது. கொசு கிடையாது. தொட்டால் தோல் அரிக்கும் பாய்சன் ஐவிக் கொடியில் இலை இருக்காது, ஆனால் தண்டில் அரிக்க வைக்கும் எண்ணெய் இருக்கும். கையுறையைக் கழற்றிவிட்டுத் தெரியாத கொடியைப் பிடிக்காதீர்கள்.

சரி, குறை என்ன? தரையில் ஒளித்தவை எல்லாம் போச்சு. விழுந்த மரத்தடியில் குச்சிகளை அடுக்கி மூடியது, வேரிடுக்கில் செருகியது, கல்லுக்கடியில் வைத்தது எல்லாம் முழங்கால் பனிக்குக் கீழே. ஒருநாள் உருகி மறுநாள் உறைந்திருந்தால் டப்பா தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்தால் உடையும். உடைத்து எடுத்த கேச் கண்டுபிடித்த கணக்கில் வராது என்பது என் கட்சி. ஓடைக்கு அக்கரையில் இருக்கிறது என்று ரூஜ் ஆற்றின் மீதோ ஹைலண்ட் க்ரீக் மீதோ ஐஸை நம்பிக் கால் வைக்கவும் கூடாது. ஓடுகிற தண்ணீரின் மேல் படியும் ஐஸ் ஓரிடத்தில் தடிமனாகவும் இரண்டடி தள்ளிக் காகிதமாகவும் இருக்கும்.

இணையத்தில் கேச்சுக்குரிய பக்கத்தில் 'குளிர்காலத்திலும் கிடைக்கும்' என்று ஒரு பனித்துகள் சின்னம் போட்டிருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது ஒளித்தவர் தானே சொல்லிக்கொள்வது. நிறைய பேர் ஜூலையில் டப்பாவை வைத்தபோதே போட்டுவிடுகிறார்கள். அதைவிட நான் நம்புவது போன வருட ஜனவரி, பிப்ரவரிப் பதிவுகளை. அந்த இரண்டு மாதத்தில் நான்கு பேர் கண்டுபிடித்திருந்தால் கிளம்பலாம். அக்டோபரோடு பதிவு நின்று மே மாதம் மறுபடி தொடங்கியிருந்தால் சின்னம் இருந்தும் பயனில்லை.

மாலை

மாலையிலும் இரண்டு வகை. முதலாவது நகரத்துச் சின்ன டப்பாக்கள்: கடை வாகன நிறுத்தத்தின் விளக்குக் கம்ப அடிமூடிக்குள், சாலையோரத் தடுப்புக் கம்பியின் பின்னால், காந்தம் வைத்து ஒட்டியவை. காரில் போய் இறங்கி எடுத்துவிடலாம் என்பதால் பலரும் குளிருக்கு இதையே சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பனி வாரும் வண்டி வாகன நிறுத்தத்துப் பனி மொத்தத்தையும் அந்தக் கம்பத்தைச் சுற்றித்தான் குவிக்கிறது. தடுப்புக் கம்பிக்கும் அதே கதி. அதையும் மீறி விரல் நுனி அளவு நேனோ டப்பா கிடைத்தது என்று வையுங்கள். மைனஸ் 15இல் கையுறையைக் கழற்றி, உள்ளே சுருட்டிய தீக்குச்சி அகலத் தாளை விரித்து, எழுதி, மறுபடி அதே இறுக்கத்தில் சுருட்டி உள்ளே திணிக்க வேண்டும். இரண்டாவது நிமிடமே விரலில் உணர்ச்சி போய்விடும்.

இரண்டாவது வகைக்காகத்தான் இந்தக் கட்டுரையே: இரவு கேச். டப்பா இருக்கும் இடத்தைக் குறியீடு நேராகச் சொல்லாது, பாதையின் தொடக்கத்தை மட்டும் சொல்லும். அங்கிருந்து மரங்களில் குத்திய ஃபயர் டாக் என்னும் குண்டூசிகளைப் பின்தொடர வேண்டும். பகலில் பார்த்தால் பட்டையில் ஏதோ ஒரு புள்ளி. இருட்டில் விளக்கு பட்டால் பூனைக் கண் மாதிரி மின்னும். ஒன்று கண்ணில் பட்டதும் அதனருகே போய் நின்று சுற்றிலும் விளக்கடித்தால் அடுத்தது மின்னும்.

இதற்குக் குளிர்காலத்தைவிடப் பொருத்தமான பருவம் இல்லை. ஜூன் கடைசியில் டொராண்டோவில் சூரியன் மறையவே ஒன்பதைத் தாண்டுகிறது, நல்ல இருட்டு வரப் பத்து மணியாகும். எட்டு வயதுப் பிள்ளையை அந்த நேரத்தில் எங்கே கூட்டிப் போவது? டிசம்பரில் ஆறு மணிக்குள் கும்மிருட்டு. ஆறுக்குத் தொடங்கி ஏழரைக்கு வீட்டில் ரசம் சாப்பிடலாம். குண்டூசிகள் நெஞ்சளவு உயரத்தில் இருப்பதால் பனி மூடாது, குறுக்கே இலை மறைக்காது. தரையெல்லாம் வெள்ளையாக இருப்பதால் விளக்கை அணைத்தாலும் பாதை தெரிகிறது. கோடையில் இதே காட்டில் இருட்டென்றால் இருட்டுதான்.

ஒரு எச்சரிக்கை: டொராண்டோ நகரப் பூங்காக்களில் நள்ளிரவு முதல் காலை 5.30 வரைதான் ஆள் இருக்கக் கூடாது, ஆகவே மாலைக்குச் சிக்கலில்லை. ஆனால் இயற்கைக் காப்புப் பகுதிகள் பல பொழுது சாய்ந்ததும் மூடிவிடும். பலகையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஹெட்லாம்பா, கை டார்ச்சா?

இதில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். அந்தக் குண்டூசி வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதில்லை. வந்த வழியிலேயே திருப்பி அனுப்புகிறது. அப்படியானால் விளக்கு எங்கே இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் கண் இருக்க வேண்டும். நெற்றியில் கட்டும் ஹெட்லாம்ப் கண்ணுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. 30 மீட்டர் தள்ளி இருக்கும் குண்டூசிக்கு அது கால் டிகிரிகூட விலகல் இல்லை. டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் விலகல் ஒரு டிகிரிக்கும் மேல். அதற்குள் மினுக்கம் மங்கிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டார்ச்சாக இருந்தாலும் இதே கதைதான்.

ஆனால் பனி பொழிகிற மாலையில் இதே காரணம் தலைகீழாகிறது. நெற்றி விளக்கு முகத்துக்கு முன்னால் விழும் ஒவ்வொரு துகளையும் பளிச்சென்று காட்டி, வெள்ளைத் திரை போட்டுவிடும். நாம் விடும் மூச்சே புகையாக எழுந்து மறைக்கும். அப்போது கை டார்ச்தான். இடுப்பருகே பிடித்து நடங்கள். நின்று தேடும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டி வைத்து ஒரு சுற்று அடியுங்கள். வானம் தெளிவென்றால் ஹெட்லாம்ப், பனி விழுந்தால் டார்ச். நான் இரண்டையும் எடுத்துப் போகிறேன், ஒன்று அணைந்தால் திரும்பி வரவும் ஆகும்.

போனா, கையடக்க ஜிபிஎஸ்ஸா?

கோடையில் போன் போதும், காசைச் செலவழிக்காதீர்கள். பனிக்காலத்தில் நிலைமை வேறு. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வெப்ப வரம்பே 0 முதல் 35 டிகிரி வரைதான். கார்மின் ஈட்ரெக்ஸ் மாதிரிக் கருவிகள் மைனஸ் 20 வரை தாங்கும். பொத்தானில் இயங்குவதைத் தடித்த கையுறையோடு அழுத்தலாம். போனில் 40 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த சார்ஜ் திடீரென அணைவது இங்கே சகஜம். சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்கினால் உயிர் வரும். உறைந்த போனை உடனே பவர் பேங்கில் செருகாதீர்கள்: உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் அயான் பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

கையடக்கக் கருவிக்கும் எந்த ஏஏ செல் போடுகிறோம் என்பது முக்கியம். சாதாரண ஆல்கலைன் செல்லுக்குள் இருப்பது தண்ணீர் சார்ந்த கரைசல். குளிர ஆகத் திணறும், மைனஸ் 18க்குக் கீழே கணக்கிலேயே இல்லை. எனர்ஜைசர் அல்டிமேட் லித்தியம் மைனஸ் 40 வரை என்று அச்சிட்டிருக்கிறது. விலை கூடத்தான். பனிக்காலத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

பேனா வேண்டாம், பென்சில் எடுங்கள். பால்பாயிண்ட் மை உறைந்து தாளில் கீறல்தான் விழும்.

நாலு பக்கமும் பூட்டும் பிளாஸ்டிக் டப்பா கிடைத்தால் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். குளிரில் அந்தப் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. தாழ்ப்பாள் மடங்கும் இடத்தில் பட்டென்று முறியும். ஒரு தாழ் போனால் ஈரம் உள்ளே போகும், மார்ச் மாதம் தாள் கூழாகும். கோட்டுக்குள் ஐந்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டுத் திறந்தால் இதமாகத் திறக்கும்.

போன பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மகளோடு இப்படித்தான் நின்றிருந்தேன். பதினோரு குண்டூசிகளைத் தாண்டி, சீடர் மரக் கிளையிடுக்கில் டப்பாவைக் கண்டுபிடித்தவள் அவள். கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கியவளும் அவள்தான். பெயர் எழுதி, திரும்ப வைத்துவிட்டுப் புறப்பட்டபோது, "அப்பா, நம்ம கால்தடம் நேரா இங்கேயே வருதே, யாராவது பார்த்து எடுத்துட்டா?" என்றாள். திரும்பிப் பார்த்தேன்; புதுப் பனியில் கோடு போட்டது மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்த நான்கு சீடர் மரங்களையும் ஆளுக்கு இரண்டாகச் சுற்றி வந்து, ஒவ்வொன்றின் அடியிலும் நன்றாக மிதித்துவிட்டுத்தான் காருக்கு வந்தோம்.