மட்டனை விடுவதா, முட்டையை விடுவதா?

உயிர்களை நினைத்து அசைவத்தை விடுகிறவர்களில் பெரும்பாலானோர் போகிற வழி ஒன்றுதான். முதலில் ஆட்டுக்கறி போகும், கொஞ்ச நாளில் கோழி போகும், மீன் தயங்கித் தயங்கிப் போகும், முட்டை மட்டும் "அது சைவம்தானே" என்ற சமாதானத்தோடு கடைசிவரை தட்டில் நிற்கும். பாலைப் பற்றி யாரும் பேச்சே எடுப்பதில்லை. கொழுப்பு, பிரஷர் என்று உடம்புக்காக விடுகிறவர்களுக்கு இந்த வரிசை பொருந்தலாம், ஆனால் உயிருக்காக விடுகிறவர்களுக்கு இது ஏறக்குறைய தலைகீழான வரிசை. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முட்டையும் ஆடும்

நாலு பேர் உள்ள வீடு, ஆளுக்குத் தினம் ஒரு முட்டை என்றால் வருஷத்துக்கு 1,460 முட்டை. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் ஒரு லேயர் கோழி 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும், 72 முதல் 80 வாரத்துக்குள் கழித்துவிடுவார்கள், அதற்குள் சுமார் 320 முட்டை கிடைக்கும். அப்படியென்றால் இந்த வீட்டுக்கு வருஷத்துக்கு நாலரைக் கோழி. கணக்கு இதோடு முடியவில்லை. பொரிக்கிற குஞ்சுகளில் பாதி சேவல், அந்த ரகத்துச் சேவல் முட்டையும் போடாது, கறிக்காக வளர்த்தாலும் தீவனக் காசு தேறாது, அதனால் பொரித்த அன்றைக்கே கதையை முடித்துவிடுகிறார்கள். தப்பித்தவை சாயம் ஏற்றப்பட்டுத் திருவிழாக் கூட்டத்தில் கலர் குஞ்சாக விற்கும், குழந்தை கையில் சில நாள் இருந்துவிட்டுச் சாகும். ஆக மொத்தம் வருஷத்துக்கு 9 உயிர்.

அதே வீடு முட்டையைத் தொடாமல், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கிலோ ஆட்டுக்கறி மட்டும் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 26 கிலோ. 25 கிலோ எடையுள்ள ஆட்டை அறுத்தால் ஏறக்குறைய 12 கிலோ கறி தேறும், குடல், தலை, கால் எல்லாம் தனி. அதாவது இரண்டு ஆட்டுக்குக் கொஞ்சம் மேலே.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவை வாழ்ந்த விதம். கூண்டுக் கோழிக்குக் கிடைக்கும் இடம் வழக்கமாக ஒரு ஏ4 தாளைவிடச் சின்னது. இறக்கையை முழுசாக விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது, ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்க மூக்கை நறுக்கியிருப்பார்கள். ஒன்றேகால், ஒன்றரை வருஷம் இப்படியே போகும், அப்புறம் கறிக்கு லாரி ஏறும். நம் ஊர் வெள்ளாடோ பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆடு வைத்திருக்கிற ஆட்களிடம் வளர்வது, காலையில் அவிழ்த்துவிட்டால் வேலியோரம் தழை தின்று சாயங்காலம் திரும்பும். அதற்கும் காயடிப்பு உண்டு, சந்தைக்குப் போகிற வண்டியில் நெருக்கித் திணிப்பது உண்டு, கடைசியில் கத்தியும் உண்டு, அதையெல்லாம் பூசி மெழுகத் தேவையில்லை. ஆனாலும் அந்தக் கடைசி நாளுக்கு முன்னால் அதற்கு ஒரு வாழ்க்கை என்று சொல்லும்படி ஏதோ இருந்தது. மட்டனைப் பெருமையாக விட்டுவிட்டு அந்த இடத்தில் ரெண்டு ஆம்லெட் போட்டுக்கொள்கிறவர் உயிர்க்கணக்கில் முன்னே போகவில்லை, பின்னே போயிருக்கிறார்.

பிராய்லர் பற்றி நீட்டத் தேவையில்லை. நாற்பது நாளில் இரண்டு கிலோ ஏறுகிற மாதிரி உருவாக்கிய ரகம், தன் எடையைத் தாங்க முடியாமல் கால் மடங்கி உட்கார்ந்துவிடுகிறவையும் அதில் உண்டு. ஒரு பறவைக்கு ஒன்றரைக் கிலோ கறிகூடத் தேறாது, வாரம் ஒரு கிலோ எடுக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு முப்பத்தைந்து கோழிக்கு மேல் வரும். உயிர்க்கணக்கில் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் முதலில் போக வேண்டியது இதுதான், ஆனால் கடையில் மலிவாகக் கிடைப்பது இது என்பதால் மட்டனுக்குப் பிறகுதான் போகிறது.

பால் சைவமும் வீகனும்

முட்டைக்குப் போட்ட அதே கணக்கைப் பாலுக்கும் போட வேண்டும். கலப்பினப் பசு ஓர் ஈத்துக்கு 2,500 லிட்டர் கறக்கிறது, நாலு ஈத்து கறந்தபின் விற்கப்படுகிறது என்று கொண்டால் மொத்தம் 10,000 லிட்டர். அந்த நாலு ஈத்தில் சராசரியாக இரண்டு காளைக்கன்று, உழவுக்கு டிராக்டர் வந்தபின் அவற்றை வைத்துத் தீனி போட யாருக்கும் கட்டுப்படியாகாது. பசுவோடு சேர்த்து மூன்று உயிர். தினம் ஒரு லிட்டர் வாங்குகிற வீட்டுக்கு ஏறக்குறைய ஒன்பது வருஷத்துக்கு ஓர் உயிர். முட்டையோடு ஒப்பிட்டால் இது ரொம்பக் குறைவு, அதனால் பால் குடிக்கிற சைவத்தைப் பார்த்து "நீயும் கொலைகாரன்தான்" என்று பாய்கிற, பால்கூடத் தொடாத வீகன் நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

ஆனால் பால்காரச் சைவரும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கறவை நின்ற மாடு எங்கே போகிறது? பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், அங்கிருந்து கேரளாவுக்கு வண்டி ஏறுகிறது. அந்த விற்பனைப் பணத்தை எதிர்பார்த்துத்தான் விவசாயி அடுத்த மாட்டை வாங்குகிறார், அது கிடைக்கவில்லை என்றால் பால் இந்த விலைக்குக் கட்டுப்படியாகாது. அதாவது மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்தான் நம் தயிர் சாதத்துக்குப் பாதி விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று கொஞ்சம் மிகைப்படுத்திச் சொன்னாலும் தப்பில்லை. பன்னீர் பட்டர் மசாலாவைச் சாப்பிட்டுக்கொண்டே பீஃப் பிரியாணிக்காரரைப் பார்த்து முகம் சுளிப்பதில் எந்த அறமும் இல்லை.

உயிர்க்கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் வீகன்தான் ஜெயிக்கும். பருப்பு, கொண்டைக்கடலை, மீல் மேக்கர், வேர்க்கடலை இருக்கும்போது புரதத்துக்குப் பஞ்சமில்லை, எண்ணெயில் தாளிக்கிற நம் சமையலில் பாதி ஏற்கெனவே வீகன்தான். வைட்டமின் பி12 மாத்திரை மட்டும் கட்டாயம், அதில் விளையாடக் கூடாது. இடிக்கிற இடம் காபி டம்ளரும் தயிர்க் கிண்ணமும். நான் இன்னும் தயிரில்தான் நிற்கிறேன், கடலைத் தயிர் எனக்கு இறங்கவில்லை.

மீனையும் இந்தத் தராசில் வைக்கலாமா என்றால் கஷ்டம். ஒரு கிலோ நெத்திலியில் எத்தனை உயிர் என்று எண்ணினால் கணக்கே உடைந்துவிடும், ஒரு நெத்திலிக்கு எவ்வளவு வலி தெரியும் என்பதும் ஆட்டைப் போலத் தெளிவான சங்கதி இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம், இழுவலையில் சேர்ந்து வருகிற விற்காத குட்டி மீன்கள் கோழித் தீவனத்துக்கும் போகின்றன, ஆக முட்டைக் கணக்கிலும் மீன் இருக்கிறது.

சூழலைக் கொண்டுவந்தால்

இதுவரை சொன்னதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆடும் மாடும் அசைபோடும் பிராணிகள், ஏப்பத்தில் மீத்தேன் விடுகின்றன, நூறு வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். புவி வெப்பமாவதை மட்டும் அளவுகோலாக எடுத்தால் கோழியும் முட்டையும் நல்லவை, மட்டன் மோசம், பாலாடைக்கட்டி வகைகள்கூடக் கிலோவுக்குக் கிலோ கோழிக்கறியை முந்திவிடும். உயிரைப் பார்த்தால் ஒரு வரிசை, பூமியைப் பார்த்தால் இன்னொரு வரிசை. இரண்டும் முட்டும்போது நான் கூண்டில் கிடக்கிற உயிரின் பக்கம்தான் அதிக எடை வைப்பேன், ஏனென்றால் மட்டனை விடுகிறவர் கட்டாயம் கோழிக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை, பருப்புக்குப் போனால் இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் இறங்கும்.

யாரிடம் சொல்வது

2014இல் எடுத்த மத்திய அரசுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 97 சதவீதத்துக்கும் மேலானவர்கள் அசைவம் சாப்பிடுகிறவர்கள். இங்கே சைவம் என்பது ரொம்ப காலமாகச் சாதியோடும் தீட்டோடும் ஒட்டிக்கிடக்கிறது, "சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்" என்று வாடகை வீட்டில் பலகை தொங்குவது கோழி மேல் உள்ள கருணையால் இல்லை. உயிருக்காக விடுகிறவர் இதிலிருந்து விலகி நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். வள்ளலாரைப் பாருங்கள், கொலையும் புலாலும் கூடாது என்பதில் அவரைவிடக் கறாரானவர் இல்லை, ஆனால் புலால் உண்பவருக்கும் பசி தீர்த்தே ஆக வேண்டும் என்றார், 1867இல் வடலூரில் தொடங்கிய தருமசாலையில் சாதி, சமயம் பார்த்து யாருக்கும் இலை போடவில்லை. அதனால்தான் சத்துணவு முட்டையை நிறுத்தச் சொல்லி யாராவது அறம் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. வீட்டில் பருப்பே வாரம் ஒருமுறை என்றிருக்கிற பிள்ளைக்கு அந்த முட்டை வேறு கணக்கு, என் தோசைக்கல் முட்டை வேறு கணக்கு.

முழுசாக விடுவதா, அப்பப்ப விடுவதா

"நான் ஒருத்தன் விட்டால் கோழி சாகாமல் இருக்குமா?" என்ற கேள்விக்கு 256ஆம் குறள் எப்போதோ பதில் சொல்லிவிட்டது, தின்பதற்காக வாங்க ஆளில்லை என்றால் விற்பதற்காகக் கொல்லவும் ஆளிருக்காது. அதை வருஷா வருஷம் புரட்டாசியில் பார்க்கலாம். பெருமாளுக்காக ஊரே விடுகிறது, நாமக்கல்லில் முட்டை விலை இறங்குகிறது, பல்லடத்தில் கறிக்கோழி விலை இறங்குகிறது. சிக்கல் என்னவென்றால் எப்போது இறங்கும், எப்போது ஏறும் என்பது பண்ணைக்காரருக்கு முன்கூட்டியே தெரியும், ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் நிற்கிற வரிசையும் தெரியும், அதற்கேற்ப முன்பே குஞ்சு இறக்கிவிடுகிறார். ஒரு மாதம் மொத்தமாக விட்டு அடுத்த மாதம் ஈடுகட்டுகிறவரைவிட, வருஷம் முழுக்க முட்டையைப் பாதியாகக் குறைத்து பிராய்லரை மட்டும் அடியோடு விட்டவர்தான் பண்ணையில் இறங்குகிற குஞ்சுகளின் எண்ணிக்கையை நிஜமாகவே குறைக்கிறார், அவர் தீபாவளிக்கு மட்டன் எடுத்தாலும் சரி.