முடிப்பதா, மூடி வைப்பதா: இரண்டு கடின நாவல்கள்

கடினமான நாவல் ஒன்றின் நடுவில் திணறும் வாசகருக்கு மூன்று வழிகள் உண்டு: விடாப்பிடியாக முடிக்கலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைக்கலாம், அடியோடு கைவிடலாம். சேலத்தில் நாங்கள் சிலர் கூடிப் பேசும்போது இந்தப் பேச்சு பெரும்பாலும் வாசகரின் பொறுமையைப் பற்றியதாகவே போய்விடுகிறது. நாவல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை வைத்தே இதை முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997) ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பகுதிகளாக அமைந்தது. அவை காலவரிசையில் இல்லை. இரண்டாம் பகுதி முதல் பகுதிக்கு நெடுங்காலம் முந்தையது. முதல் பகுதியில் ஐதீகமாகக் காதில் விழும் பெயர்கள், இரண்டாம் பகுதியில் வாதிட்டும் தயங்கியும் நடமாடும் மனிதர்களாகிவிடுகின்றன. முதல் பகுதியின் மனிதர்களோ மூன்றாம் பகுதியில் தாங்களே பழங்கதையாகிவிடுகிறார்கள். ஆகவே கௌஸ்துபத்தின் தத்துவ விவாதங்களில் களைத்து ஒதுங்குபவர், மீதிக் கதையோடு ஏற்கெனவே படித்ததன் பொருளையும் சேர்த்தே இழக்கிறார். இதை முடிக்கத்தான் வேண்டும்.

எப்படி முடிப்பது என்பது வேறு. ஜங்ஷனிலிருந்து பழைய பேருந்து நிலையம் வரை டவுன் பஸ்ஸில் பத்துப் பக்கம் என்ற கணக்கு ஸ்ரீபாதத்துக்கு ஓரளவு ஒத்துவரும். கௌஸ்துபத்தில் ஒரு தரப்பின் வாதம் பாதியில் நிற்கும்போதே இறங்குமிடம் வந்துவிடும். அந்தப் பகுதிக்காக விடுப்பு எடுத்து ஏற்காட்டில் தங்கிப் படிப்பது மேல் (மலையேறும் பஸ்ஸிலேயே தொடங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம், 20 கொண்டை ஊசி வளைவுகளும் தலையைச் சுற்றவைக்கும்). மே மாதக் கோடை விழா நாட்களைத் தவிர்ப்பது நல்லது. அறை கிடைத்தாலும் அமைதி கிடைக்காது.

சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) அளவில் சிறியது என்றாலும், கதையை எதிர்பார்த்து நுழைபவரை விரைவிலேயே சோர்வடையச் செய்யும். நாயகன் 1960 ஜனவரி 5 அன்று இறந்ததை முதல் வாக்கியமே சொல்லிவிடுவதால், அடுத்து என்ன என்ற ஆவல் துணைக்கு வராது. பிற்பகுதி அவனுடைய நாட்குறிப்பு. நாலு பக்கம் படித்து, சில மாதங்கள் விட்டு, வேறோர் இடத்தில் திறந்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஒரே மூச்சில் முடிப்பது குறிப்புகளின் கூர்மையை மழுக்கிவிடும் என்றுகூடச் சொல்வேன். இதற்கு டவுன் பஸ்ஸே போதும்.

கைவிடுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கட்டமைப்பு பிடிபட்ட பிறகும் ஒரு வாக்கியம்கூட மனத்தில் ஒட்டவில்லை என்றால், நூலகத்தில் தவணையைப் புதுப்பித்துக்கொண்டே போவதைவிட நூலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் பெயர்க் குழப்பத்துக்காக ‘விஷ்ணுபுர’த்தைக் கைவிடுவதை ஏற்க முடியாது. சங்கர்ஷணன், பிங்கலன், திருவடி என்று வர வர ஒரு தாளில் குறித்து அட்டைக்குள் செருகி வைத்தால் தீர்ந்துவிடும் சிக்கல் அது. கௌஸ்துபத்திலும் மணிமுடியிலும் காலமே மாறிவிடுவதால், அங்கே மட்டும் புதுத் தாள் ஒவ்வொன்று தேவைப்படும்.