கழுத்தில் எண், கையில் துப்பாக்கி

1988ஆம் ஆண்டு இரண்டு மாற்று வரலாற்று நாவல்கள், அதாவது வரலாறு வேறு மாதிரி நடந்திருந்தால் என்று கற்பனை செய்பவை, வெளிவந்தன. எஸ். எம். ஸ்டர்லிங்கின் ‘மார்ச்சிங் த்ரூ ஜார்ஜியா’வில், அடிமை உழைப்பில் கொழுத்த டிராக்கா என்ற பேரரசு இரண்டாம் உலகப் போரில் இறங்கி ஜெர்மானியப் படையுடன் மோதுகிறது. டெர்ரி பிஸ்ஸனின் ‘ஃபயர் ஆன் தி மவுண்டன்’ நாவலிலோ அடிமை முறை 1859லேயே சரியத் தொடங்குகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து ஹாரி டர்டில்டவ் ‘தி கன்ஸ் ஆஃப் தி சவுத்’தை எழுதினார், அதில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் வெல்கின்றன. மூன்றையும் உரசிப் பார்க்க எனக்கு ஒரே உரைகல் போதும்: துப்பாக்கி யார் கையில் இருக்கிறது?

ஸ்டர்லிங்கின் கற்பனை கிளம்பும் இடம் கெட்டிக்காரத்தனமானது. அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் நன்னம்பிக்கை முனையை டச்சுக்காரர்களிடமிருந்து பிரிட்டன் பறித்துவிடுகிறது. போரில் தோற்ற மன்னர் விசுவாசிகள் அங்கே போய்க் குடியேறுகிறார்கள், அந்தக் குடியேற்றமே டிராக்காவாக வளர்கிறது. உண்மையிலும் 1781இல் ஜான்ஸ்டன் தலைமையில் ஒரு பிரிட்டிஷ் கடற்படை அந்த முனையைக் குறிவைத்துப் புறப்பட்டது. வழியில் கேப் வெர்டே தீவுகளின் போர்ட்டோ பிரயாவில் நங்கூரமிட்டிருந்தபோது பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் வந்து தாக்கினார். முனைக்கும் அவரே முதலில் போய்ச் சேர்ந்தார். அந்தப் பயணம் வேறு மாதிரி முடிந்திருந்தால் என்று யோசிக்க இடமிருக்கிறது.

பிரிட்டிஷ் பேரரசில் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் டிராக்கா ஆண்டைகள் சொல்லை மட்டும் மாற்றுகிறார்கள். அடிமை இனி அடிமையல்ல, ‘பண்ணையாள்’. கழுத்தில் பச்சை குத்திய எண் மட்டும் அப்படியே இருக்கிறது. நாவலிலேயே எனக்கு மிகவும் நம்பும்படியாகத் தோன்றியது இந்தப் பெயர் மாற்றம்தான். அந்தச் சட்டம் நிஜத்தில் உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. விடுவிக்கப்பட்டவர்களைத் ‘தொழில் பழகுநர்’ என்ற பெயரில் மேலும் சில ஆண்டுகள் பழைய எஜமானர்களிடமே கட்டிப்போட்டது.

கதை 1942இல், காகசஸ் மலையில் நடக்கிறது. எரிக் ஃபான் ஷ்ராக்கன்பெர்க்கின் பாராசூட் படைப் பிரிவு ஒரு மலைச்சாலையை மறித்து நிற்க வேண்டும். தலைப்பிலுள்ள ஜார்ஜியா காகசஸைச் சேர்ந்தது. ஆனால் தலைப்பின் சொற்கள் அமெரிக்காவின் ஜார்ஜியா வழியாக வடபடை நடந்ததைக் கொண்டாடும் பாடலிலிருந்து வருகின்றன. அடிமை முறையை உடைத்த படையின் பாட்டை அடிமைப் பேரரசின் தலையில் சூட்டுவது குரூரமான குறும்பு. சண்டைக் காட்சிகளில் ஸ்டர்லிங்குக்கு நிகர் இந்த மூவரில் யாரும் இல்லை. எரிக் தன் வீட்டு அடிமைப் பெண்ணிடம் பிறந்த மகளை ரகசியமாக அமெரிக்காவுக்கு அனுப்பியவன். அவனைச் சுற்றி ஒரு நல்ல நாவலுக்கான விதை கிடக்கிறது. ஆனால் அடுத்த குண்டு வெடித்ததும் ஆசிரியரின் கவனம் அங்கே ஓடிவிடுகிறது.

எனக்கு உதைப்பது வேறோர் இடம். டிராக்கா தன் அடிமைகளிலிருந்தே ‘ஜானிசரி’ படைகளைத் திரட்டுகிறது. அந்தப் படைகள் கட்டளைப்படி போகின்றன, சாகின்றன. எஜமானர் பக்கம் துப்பாக்கியைத் திருப்புவதில்லை. பெயரைக் கடன் வாங்கியவர் வரலாற்றையும் கொஞ்சம் வாங்கியிருக்கலாம். நிஜ ஜானிசரிகள், அதாவது ஒட்டோமான் சுல்தானின் அடிமைப் படையினர், 1622இல் இரண்டாம் உஸ்மான் சுல்தானைக் கவிழ்த்தார்கள், அவர் கொல்லப்பட்டார். எகிப்தில் மம்லூக்குகள் என்ற அடிமைப் படையினர் 1250இல் அரியணையையே எடுத்துக்கொண்டார்கள். ஆயுதம் கொடுத்தால் அடிமை என்ன செய்வான் என்ற கேள்விக்கு வரலாறு பலமுறை பதில் சொல்லியிருக்கிறது. ஸ்டர்லிங் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் பிரிந்து நின்ற தென்மாநிலக் கூட்டமைப்புக்கு அந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. 1862இல், இருபதோ அதற்கு மேலோ அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு அளித்தார்கள். அடிமைகளைக் காவல் காக்க ஆள் வேண்டும், வேறென்ன? அதே ஆண்டு மே 13 அதிகாலையில் சார்லஸ்டன் துறைமுகத்தில் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி, கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கோட்டையைக் கடக்கும்போது சரியான சங்கொலி கொடுத்து, ‘பிளான்டர்’ என்ற ராணுவக் கப்பலைக் குடும்பத்தோடு வடக்குக் கடற்படையிடம் ஓட்டிக்கொண்டு போனார். 1865 ஜனவரியில், அடிமைகள் நல்ல சிப்பாய்களாக முடியும் என்றால் நமது அடிமைக் கோட்பாடே தவறு என்று தென்படை ஜெனரல் ஹோவெல் காப் எழுதினார். மார்ச்சில் வேறு வழியின்றிக் கறுப்பினச் சிப்பாய்களைச் சேர்க்கச் சட்டம் போட்டார்கள். ஏப்ரலில் தென்படையின் தலைமைத் தளபதி ராபர்ட் லீ சரணடைந்தார். டிராக்கா மாதிரியான பேரரசை எழுதுகிறவர் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியே ஆக வேண்டும்.

டர்டில்டவ் ஓரளவு மல்லுக்கட்டுகிறார். எதிர்காலத்திலிருந்து வரும் தென்னாப்பிரிக்க நிறவெறியர்கள் 1864இல் ஜெனரல் லீயிடம் ஏகே-47 துப்பாக்கிகளைக் கொட்டுகிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும். படித்தால் சிரிப்பு அடங்கிவிடும். நேட் காடல் என்ற பள்ளி ஆசிரியர் தன் படைப்பிரிவுத் தோழர்களோடு அந்தத் துப்பாக்கியைக் கழற்றிப் பழகும் பக்கங்களில் எண்ணெய் வாசனையே அடிக்கிறது. காடலும், ஆண் வேடத்தில் போரிட்ட மாலி பீனும் 47ஆம் வட கரோலைனாப் படைப்பிரிவில் உண்மையிலேயே இருந்தவர்கள். வென்ற பிறகு என்ன என்று கேட்கும் இரண்டாம் பாதி முதல் பாதியைவிடக் கனமானது.

குறை லீதான். குடியரசுத் தலைவராகி அடிமை முறையைப் படிப்படியாக முடித்துவைக்க முனையும் பெருந்தகையாக அவரைக் காட்டுகிறார் டர்டில்டவ். நிஜ லீ, மாமனாரின் உயிலின்படி ஐந்தாண்டுக்குள் விடுவிக்க வேண்டிய அடிமைகளை அந்தக் கெடு முடியும்வரை பிடித்து வைத்திருந்தவர். 1859இல் தப்பியோடிப் பிடிபட்ட வெஸ்லி நோரிஸ், தனக்கு ஐம்பது கசையடி கொடுக்கச் சொல்லி, பிறகு முதுகை உப்புநீரால் கழுவவும் ஆணையிட்டவர் லீ என்று 1866இல் வாக்குமூலம் தந்தார். நாவலின் லீக்கும் இந்த லீக்கும் வெகுதூரம்.

அதே 1859 அக்டோபரில், அடிமை முறையை ஆயுதத்தால் ஒழிக்கக் கிளம்பிய ஜான் பிரவுன் என்ற வெள்ளையர் 21 பேருடன் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றினார். அடிமைகளுக்குக் கொடுக்கச் சுமார் 950 ஈட்டிகளும் கொண்டுவந்திருந்தார். இரண்டாம் நாளே அவரைப் பிடித்த கடற்படை வீரர்களுக்குத் தலைமை தாங்கியவர் இதே லீ. அடிமைத்தளையிலிருந்து தப்பி, பிறரையும் தப்பவைத்த ஹாரியட் டப்மன் அந்தத் தாக்குதலில் இருக்கவில்லை. பிஸ்ஸன் டப்மனை அங்கே கொண்டுவந்து சேர்க்கிறார், தாக்குதல் வெல்கிறது, மலை மேல் எரியும் தீயைக் கீழே அடிமைகள் இரவில் பார்க்கிறார்கள். துப்பாக்கி கடைசியில் சரியான கைக்குப் போய்ச் சேர்கிறது. இது போர் நாவல் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்: 1959இல் ஒரு பெண், அன்று பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவனாக இருந்த தன் கொள்ளுத்தாத்தாவின் குறிப்புகளை எடுத்துக்கொண்டு அதே ஊருக்குக் காரில் போகிறாள். குண்டுச் சத்தம் குறைவு, புத்தகமும் சிறியது. ஆனால் இந்த மூன்றில் அடிமையின் கண் வழியாகப் போரைப் பார்ப்பது இது ஒன்றுதான். டிராக்காவின் காகசஸைப் பார்க்க ஸ்டர்லிங்குக்கு ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளரின் கண் தேவைப்பட்டது.

ராணுவத் தந்திரத்தில் மோகமுள்ளவர்கள் ஸ்டர்லிங்கைப் படிக்கட்டும். அந்த மோகம் எனக்கும் உண்டு, மலைச்சாலைச் சண்டையை இரண்டு முறை படித்தேன். ஒன்றை மட்டும் வாங்கக் காசிருக்கிறது என்றால் டர்டில்டவ். பிஸ்ஸனை யாரிடமாவது இரவல் வாங்கியாவது படித்துவிடுங்கள். அதற்குள் ஒரு குட்டி நாவல் வருகிறது: ஜான் பிரவுன் தோற்றுத் தூக்கிலிடப்பட்ட உலகைப் பற்றிய மாற்று வரலாறு. அந்தக் கதாநாயகிக்கு அது சகிக்க முடியாத கற்பனையாகத் தெரிகிறது.