அம்மாவோடு பிட் ரிவர்ஸ் மியூசியத்தில் ஒரு பகல்

2009 இல் இங்கிலாந்துக்கு வந்து, அசைலம் (அகதிப் புகலிடம்) கேஸ் முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் ஒரு நூதனசாலையில் தொண்டராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். பன்மொழி வரவேற்பு என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எனக்குக் கிடைத்தது கதிரை அடுக்கும் வேலை. தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் வைத்திருந்தார்கள். அதில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். திருத்தித் தரட்டா என்று கேட்டேன். அச்சடித்தாயிற்று என்றார்கள். அதற்குப் பிறகு இப்படியான திட்டங்கள் என்றாலே எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

அந்த மனதோடுதான் 2019 கோடையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒக்ஸ்ஃபோர்டில் உள்ள பிட் ரிவர்ஸ் மியூசியத்துக்குப் போனேன். அங்கே முல்தகா என்றொரு திட்டம். அகதிகளாகவும் குடிபெயர்ந்தும் வந்தவர்கள் தொண்டர்களாக நின்று தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் பொருட்களைப் பற்றிச் சொல்கிறார்கள். முல்தகா என்றால் அரபியில் சந்திக்கும் இடம். முதலில் 2015 டிசம்பரில் பெர்லினில் தொடங்கியது. சிரியா, ஈராக்கிலிருந்து வந்தவர்களைப் பயிற்றி நான்கு மியூசியங்களில் வழிகாட்டிகளாக்கினார்கள்.

நாங்கள் போன நேரம் ஒரு அரபுப் பெண் நீலத்துணியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் ஓடாது. நான் காதுக்குள் மொழிபெயர்க்கத் தொடங்க, அந்தப் பெண் இடையில் "நீலா" என்றார். அம்மா என் கையைத் தட்டிவிட்டார். "எனக்கு விளங்குது. அவுரியோ எண்டு கேள்." அவுரியேதான். அரபியிலும் அந்தச் சாயத்துக்கு நீலா என்றுதான் பெயராம். யேமனில் துணியை அந்தச் சாயத்தில் தோய்த்து, மினுங்கும்வரை அடித்து எடுப்பார்கள், உடுத்தால் தோலிலும் நீலம் ஒட்டும் என்று சொன்னார். பிறகு அம்மா கேட்ட கேள்விகளுக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

பிட் ரிவர்ஸ் 1884 இல் தொடங்கிய இடம். பொருட்கள் நாடு நாடாக அல்ல, வகை வகையாக இருக்கும்: விளக்குகள் ஓரிடம், பூட்டுகள் ஓரிடம், கூடைகள் ஓரிடம். வாசிக்கத் தெரியாவிட்டாலும் கண்ணால் பிடித்துக்கொள்ளலாம். கூடைப் பேழைக்கு முன்னால் அம்மா நின்றார், நகரவில்லை. ஊரில் கடகம் பொத்திக் கொடுத்த கை அது. எங்கே நார் போட்டால் விளிம்பு பிரியாது என்று அவர் கையைக் காட்டிச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்ல, அந்தத் தொண்டர் கொப்பியில் எழுதிக்கொண்டார். பத்து வருடத்துக்கு முன் நான் தேடிப் போனதும் அதைத்தான். விளக்க அட்டையை நாலு மொழியில் மாற்றி வைத்தால் போதாது. வந்தவருக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று எண்ணிக் கேட்கவும் ஒரு ஆள் வேண்டும்.

ஒக்ஸ்ஃபோர்டிலேயே பிரோட் ஸ்ட்ரீட்டில் உள்ள அறிவியல் வரலாற்று மியூசியமும் இதே திட்டத்தில் சேர்ந்தது. 1683 இல் மியூசியமாகவே கட்டித் திறந்த கட்டடம். இஸ்லாமிய உலகின் வானியல் கருவிகளை அங்கே பார்க்கலாம். 1480-81 இல் செய்த உருண்டை வடிவ அஸ்ட்ரோலேப் (நட்சத்திரங்களின் நிலையையும் நேரத்தையும் கணிக்கும் கருவி) ஒன்றுக்காகவே படியேறலாம். அம்மாவுக்குக் கால் நோவு. நான் மட்டும் ஏறிப் பார்த்தேன்.

தொண்டராகச் சேர நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். பிரித்தானியாவில் அசைலம் கேட்டுக் காத்திருப்பவர் பொதுவாக வேலை செய்ய முடியாது. 12 மாதம் கடந்தும் முடிவு வராவிட்டால் அனுமதி கேட்கலாம். அறநிறுவனத்திலோ பொது நிறுவனத்திலோ தொண்டு செய்யத் தடையில்லை, பயணச் செலவையும் வாங்கலாம். ஆகவே எந்த மியூசியமானாலும் பஸ் காசு தருவீர்களா, பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றுக் கடிதம் தருவீர்களா என்று முதல் நாளே கேளுங்கள். கூச்சப்படத் தேவையில்லை. நான் கூச்சப்பட்டேன், எட்டு மாதம் நடந்தே போய் வந்தேன்.

இரண்டு மியூசியங்களுக்கும் நுழைவு இலவசம். பிட் ரிவர்ஸுக்குத் தனி முன்வாசல் தேடாதீர்கள். இயற்கை வரலாற்று மியூசியத்துக்குள் புகுந்து, டைனோசர் எலும்புக்கூடுகளைத் தாண்டிப் பின்பக்கம் போக வேண்டும். துணிகள் வெளிறாதிருக்க வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள், வயதானவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொண்டர்கள் விளக்கும் நாள் எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது.