சீட்டா: தீபாவளி நெரிசலில் எங்கே தாங்கும், எங்கே திணறும்

பிரிக்ஃபீல்ட்ஸ் பலகாரக் கடை ஒன்றின் ஆன்லைன் விற்பனையை எடுத்துக்கொள்வோம். முறுக்கு டின் ஒன்று விற்றால் ஸ்டாக் குறைய வேண்டும், ஆர்டர் பதிவாக வேண்டும், உறுப்பினர் புள்ளி ஏற வேண்டும். மூன்றுக்கும் மூன்று சர்வீஸ், மூன்று டேட்டாபேஸ். நடுவில் ஒன்று விழுந்தால் மற்றவற்றைப் பழைய நிலைக்குத் திருப்ப ஜாவா குழுக்கள் பலவும் எடுப்பது சீட்டா (Seata) என்ற மென்பொருளைத்தான். 2019-ல் அலிபாபா ஃபெஸ்கார் என்ற பெயரில் திறந்த மூலமாக வெளியிட்டது. இப்போது அப்பாச்சி குடையின் கீழ் இருக்கிறது. காசு கிடையாது.

சீட்டா தானே திருப்பிப் போடும் ஏடி (AT) முறையில் தொடங்குவது சுலபம். ஒவ்வொரு டேட்டாபேஸிலும் அன்டூ லாக் (undo log, திருப்பிப் போடுவதற்கான பதிவேடு) டேபிள் ஒன்று, தொடங்கும் மெத்தடின் தலையில் ஓர் அனோட்டேஷன் (குறிப்பு வரி), தனியாக ஓடும் ஒருங்கிணைப்பு சர்வர், அவ்வளவுதான். டேபிளில் ஒவ்வொரு வரிசையையும் (row) தனியாக அடையாளம் காட்டும் பிரைமரி கீ இருந்தாக வேண்டும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னும் பின்னும் அந்த வரிசை எப்படி இருந்தது என்று படம் பிடித்து வைத்துக்கொள்ளும். ரோல்பேக் (பழைய நிலைக்குத் திருப்புதல்) வந்தால் முன்படத்தை எடுத்து ஒட்டும்.

கூட்டம் வந்தால்தான் சிக்கல். மாற்றிய வரிசைக்கு சீட்டா ஒரு குளோபல் லாக் (lock, பூட்டு) போடுகிறது. எல்லாக் கிளைகளும், அதாவது ஒவ்வொரு சர்வீஸின் பங்கும், முடிகிறவரை அது விடுபடாது. அடுத்து வருகிறவர் 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை, 30 தடவை தட்டிப் பார்ப்பார். ஆக 300 மில்லிவினாடி. அதற்குள் திறக்காவிட்டால் அவருடைய ஆர்டர் பிழையோடு விழும். இப்போது யாராவது பேமென்ட் கேட்வே அழைப்பையும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து, அது 800 மில்லிவினாடி எடுத்தால்? எல்லாரும் ஒரே முறுக்கு வரிசையில் முட்டுகிற நேரத்தில் பெரும்பாலானோர் வெளியேதான் நிற்பார்கள். தடவையை 100 ஆக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். காத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு டேட்டாபேஸ் கனெக்‌ஷனைப் பிடித்துக்கொண்டே நிற்பார்; கனெக்‌ஷன்களின் கையிருப்பான பூல் வற்றிப் போய் மற்றப் பக்கங்களும் சேர்ந்து படுத்துவிடும்.

பேமென்ட்டை வெளியே எடுங்கள். எப்படியும் டூயிட்நவ் கியூஆரில் போன பணத்தை அன்டூ லாக் திருப்பித் தராது, ரீஃபண்ட்தான் தரும். எல்லாரும் முட்டும் ஸ்டாக் வரிசையை மட்டும் டிசிசி (TCC: முயற்சி, உறுதி, ரத்து) முறைக்கு மாற்றுங்கள்: 'முடக்கிய எண்ணிக்கை' என்று ஒரு காலம் (column) சேர்த்து, முயற்சியில் முடக்கு, உறுதியில் கழி, ரத்தில் விடு. மூன்று மெத்தடையும் கையால் எழுத வேண்டும். முயற்சியே வந்து சேராமல் ரத்து மட்டும் வருவது, ஒரே ரத்து இரண்டு முறை வருவது, ரத்துக்குப் பிறகு தாமதித்த முயற்சி வந்து ஸ்டாக்கை முடக்கிவிட்டுப் போவது எல்லாமே நடக்கும். சீட்டா 1.5.1 பதிப்பு முதல் வந்த ஃபென்ஸ் (வேலி) வசதி இவற்றைத் தடுக்கிறது; அதற்கும் தனி டேபிள் வேண்டும். ஆர்டரும் புள்ளியும் ஏடி முறையிலேயே இருக்கலாம்.

இன்னொரு பொறி, இரவு ஸ்கிரிப்ட். சீட்டாவைத் தொடாமல் நேரடியாக ஸ்டாக்கைத் திருத்தினால், ரோல்பேக் சமயத்தில் பின்படமும் இப்போதைய வரிசையும் ஒத்துப்போகாது. சீட்டா கைவிட்டுவிடும், ஆள்தான் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். வேறு திரெட்டுக்கு (நிரலுக்குள் இணையாக ஓடும் இழைக்கு) வேலையை அனுப்பினாலும் கவனம்: டிரான்சாக்‌ஷன் எண் தானாகக் கூடப் போகாது, அந்தக் கிளை சத்தமில்லாமல் வெளியே நின்றுவிடும்.

நிலைமைக்கேற்பத் தானே மாறும் வசதி என்று இதில் சொல்லத் தக்கது டிகிரேட் செக். இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஒருங்கிணைப்பு சர்வரைச் சோதித்து, தொடர்ந்து 10 முறை தோற்றால் குளோபல் டிரான்சாக்‌ஷனே இல்லாமல் ஆர்டர்களை ஓடவிடும். கடை திறந்திருக்கும், கணக்கு திறந்துகிடக்கும். இயல்பாக அது அணைந்தே வருகிறது; பணம் புழங்கும் இடத்தில் அப்படியே விடுங்கள். அதற்குப் பதில் ஒருங்கிணைப்பு சர்வரை ஒன்றுக்கு மேல் ஓட்டி, நிலையை எல்லாவற்றுக்கும் பொதுவான டேட்டாபேஸில் வைப்பது மேல். நிலையை ஃபைலில் வைக்கும் சோதனை முறையோடு லைவுக்குப் போகக் கூடாது.

சர்வர் இருக்கும் இடமும் முக்கியம். மூன்று கிளை என்றால் தொடக்கம், மூன்று பதிவு, கமிட் (முடித்து உறுதிசெய்தல்) என்று குறைந்தது ஐந்து முறை போய்வர வேண்டும். கோலாலம்பூரில் ஆப், சிங்கப்பூரில் ஒருங்கிணைப்பு சர்வர் என்று பிரித்து, ஒரு சுற்றுக்கு 8 மில்லிவினாடி ஆனால், ஆர்டருக்கு 40 கூடும். அந்த 40-இல் பெரும்பகுதி லாக்கைப் பிடித்திருக்கும் நேரம்தான். மூன்று டேபிளும் ஒரே டேட்டாபேஸில் அடங்கும் சின்னக் கடைக்கு சீட்டாவே வேண்டாம், சாதாரண கமிட் போதும்.