இரண்டு மாரி கண்ட எங்கள் மழைநீர்த் தாங்கி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் எங்கள் பாட்டனாரின் எட்டுப் பரப்புக் (அரை ஏக்கர்) காணியில் முன்பு ஒரு வீடும் ஒரு கிணறுமே இருந்தன. சீதனமாகவும் பங்காகவும் பிரிந்து, இன்று அதே காணியில் நான்கு வீடுகளும் நான்கு கிணறுகளும், அவற்றுக்கு மிக அருகே நான்கு மலக்குழிகளும் உள்ளன. வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் கழிவு வடிபடாமலே கிணற்றைச் சேர்ந்துவிடுகிறது. எங்கள் கிணற்றுநீரைப் பரிசோதித்தபோது, கழிவிலிருந்து நீரில் சேரும், கைக்குழந்தைகளுக்குத் தீங்கான நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. கைக்குழந்தையின் பாலுக்கு அந்த நீரைப் பயன்படுத்த மனம் வராததால், 8,000 லீற்றர் கொள்ளும் கம்பிவலைச் சீமெந்துத் தாங்கி ஒன்றைக் கட்டுவித்தோம்.

எட்டடி அகலமும் ஆறடி உயரமும் கொண்ட தாங்கி சிறிய வளவிலும் அடங்குகிறது. ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லீற்றர் போதுமாகையால், மார்கழியில் நிரம்பிய தாங்கி அடுத்த ஐப்பசி மழைவரை எங்களைக் காத்தது. முதலில் நிரம்பிய நீரில் சீமெந்துச் சுவை இருந்ததால் அதை வாழைக்கு விட்டோம். பின்னர் வந்த நீரில் சமைத்த சோற்றின் சுவையை அம்மா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

குறையும் உண்டு. கூரையின் தூசியும் காக்கை எச்சமும் கலந்த முதல் மழைநீரை வெளியேற்றும் குழாயை, தாங்கி கட்டியவர் பொருத்தவே இல்லை. நாங்கள் கேட்டபின்புதான், தனிக் கூலி வாங்கிப் பொருத்தினார். கட்டுவிப்பவர்கள் அதனையும் நுளம்பு வலையையும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ள வேண்டும். கூரைநீரைத் தாங்கிக்குக் கொண்டுவரும் பீலியை மாரிக்கு முன் துப்புரவு செய்யாவிட்டால் தாங்கியால் பயனில்லை.

2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டபோது எல்லோரும் அந்த எண்ணைப் பற்றியே பேசினர். எங்கள் கிணறுகளின் நிலையோ ஆட்களின் எண்ணிக்கையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். நிலத்தடியில் கடல்நீரின் மேல் மிதக்கும் நன்னீரே எங்கள் சொத்து. அதன் மட்டம் ஓரடி தாழ்ந்தால் அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ நாற்பதடி மேலேறும் என்பது நீரியலின் கணக்கு. துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் கைவலிமையே இறைப்புக்கு ஓர் எல்லையாக இருந்தது; நீர்ப்பம்பிக்கு அது இல்லை. போரும் இடப்பெயர்வும் இங்கு ஆட்களைக் குறைத்தன, ஆனால் கிணற்றின் மீதான பாரம் குறையவில்லை. ஆகவே, எத்தனை பேர் என்பதோடு ஒவ்வொருவரும் எவ்வளவு இறைக்கிறோம், எங்கே கழிக்கிறோம் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

தாங்கி நிரம்பி வழியும் நீரை, மலக்குழிகளுக்கு எதிர்ப்புறத்தில் வெட்டிய சல்லிக்கல் குழியொன்றில் விட்டு நிலத்துக்கே திருப்புகிறோம். அடுத்த வீட்டுச் சித்தப்பாவும் இவ்வாண்டு மாரிக்கு முன் ஒரு தாங்கி கட்ட அத்திவாரம் வெட்டியிருக்கிறார்.