68,000 யென் போய்விட்டது: பொருளைச் சோதிக்கும் முன் மதிப்பீடு கொடுக்காதீர்கள்

பழைய ஜப்பானியப் பொம்மை வாகனங்களைச் சேகரிக்கும் தமிழ் நண்பர்கள் இதைத் தயவுசெய்து முழுதும் படியுங்கள். கடந்த வெள்ளிக்கிழமை டோக்கியோவில் என் வீட்டுக்கு வந்த ஒரு பொட்டலத்தால் 68,000 யென்னை இழந்திருக்கிறேன். எப்படிச் சோதித்து வாங்குவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் மூன்று ஆண்டுகளாகத் தேடியது, பாப்பி என்ற ஜப்பானியப் பொம்மை நிறுவனத்தின் பாப்பினிக்கா என்ற உலோக வாகன வரிசையில் வந்த பாக்கஸ் மூன்று என்ற பொம்மை விண்கலம். 1978இல் சுபுராயா நிறுவனம் தயாரித்த 'ஸ்டார் உல்ஃப்' தொலைக்காட்சித் தொடரில் வரும் கலம் அது. அல்ட்ராமேன், காமென் ரைடர் போன்ற புகழ்பெற்ற ஜப்பானிய நாயகத் தொடர்களின் வாகனங்களுக்கு இருக்கும் மவுசு இந்தத் தொடருக்கு இல்லை. அதனாலேயே பெட்டியோடும் உதிரிகளோடும் இது விற்பனைக்கு வருவது அரிது. பாப்பி நிறுவனமே 1983இல் பண்டாய் என்ற பொம்மை நிறுவனத்தோடு இணைந்துவிட்டதால், அசல் கலம் என்றால் நாற்பது வயதைத் தாண்டியதாகத்தான் இருக்க வேண்டும்.

தனிநபர்கள் தங்கள் பழைய பொருள்களை விற்கும் ஒரு செயலியில் இதைப் பார்த்தேன். வாங்குபவர் பொருளைப் பெற்று மதிப்பீடு அளிக்கும்வரை செயலி பணத்தைத் தன்னிடமே வைத்திருக்கும். அந்த ஏற்பாட்டை நம்பித்தான் 68,000 யென் கட்டினேன். விற்றவர் மிகவும் பணிவாக எழுதினார். சிறுவயதில் தம் தாயார் வாங்கித் தந்தது என்றும், வீட்டைக் காலி செய்வதால் மனமில்லாமல் விற்பதாகவும், அருமை தெரிந்த ஒருவரிடம் போவதில் நிம்மதி என்றும் எழுதியிருந்தார். அதைப் படித்து நெகிழ்ந்துபோய், பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்று பதில் அனுப்பினேன். பொட்டலம் வந்த அன்று காலையில், மருத்துவமனையில் இருக்கும் தந்தைக்குப் பணம் தேவைப்படுவதால் கைக்கு வந்ததும் மதிப்பீட்டை அளித்துவிட முடியுமா என்று கேட்டார். தந்தையின் உடல்நிலையைச் சொல்பவரிடம் எப்படி மறுப்பது? பொட்டலத்தைப் பிரிக்காமலேயே, வாசலில் நின்றபடி, 'நன்று' என்று அழுத்திவிட்டேன்.

பிரித்த ஐந்தாவது நிமிடத்தில் உண்மை தெரிந்தது. பெட்டியின் அச்சை உருப்பெருக்கியில் பார்த்தால், அந்தக் காலத்து அச்சில் வரிசையாகத் தெரிய வேண்டிய வண்ணப்புள்ளிகள் இல்லை. வீட்டு அச்சுப்பொறியின் மைத்தூறல்தான் தெரிந்தது. உலோக உடலுக்குப் புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள், அதற்கடியில் அரம் தேய்த்த கோடுகள் ஓடின. திருகாணிகளின் தலைகள் எல்லாம் சிதைந்திருந்தன. உதிரிகளில் இரண்டு பிசினில் வார்த்த நகல்கள். விற்பனை அறிவிப்பில் இருந்த நான்கு புகைப்படங்களும் மேலிருந்து மட்டுமே எடுக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அன்றிரவே விற்றவருக்கு எழுதினேன். "நீங்கள் நிலையைப் பார்த்து மதிப்பீடு அளித்துவிட்டீர்கள், விவரத்தில் நோ க்ளெய்ம், நோ ரிட்டர்ன் என்றும் குறிப்பிட்டிருக்கிறேன்" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதாவது, புகாரையும் ஏற்க மாட்டார், பொருளைத் திரும்பவும் எடுக்க மாட்டார். தாயாரும் தந்தையும் அந்தப் பதிலில் இல்லை. அதற்குப் பின் மௌனம். செயலியின் உதவிப் பிரிவோ, பரிவர்த்தனை முடிந்துவிட்டதால் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு எழுதியது. உருப்பெருக்கிப் படங்கள் பதினொன்றை இணைத்து மறுபடி அனுப்பினேன். அதே பத்தி, அடியில் வேறொரு பணியாளரின் பெயரோடு திரும்பி வந்தது. மூன்றாம் முறையும் அதே பத்திதான். ஒருவராவது அந்தப் படங்களைத் திறந்து பார்த்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். நுகர்வோர் உதவி எண்ணான 188ஐ அழைத்தேன். அங்கே பொறுமையாகக் கேட்டார்கள், ஆனால் விற்றவர் வணிகர் அல்லாத தனிநபர் என்பதால் தாங்கள் இடைநின்று பேசுவது கடினம் என்றார்கள். 68,000 யென்னைத் திரும்பப் பெறும் வழி எதுவும் இதுவரை எனக்குத் திறக்கவில்லை.

விரிவாக எழுதும் மனநிலை இப்போது இல்லை, ஆகவே முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அடிப்பக்கத்தையும், திருகாணிகளையும், பெட்டியின் உட்புறத்தையும் அருகிலிருந்து படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். பொட்டலம் பிரிப்பதைக் காணொளியாக எடுத்து வையுங்கள். யார் என்ன காரணம் சொன்னாலும், பொருளை முழுதும் பார்க்காமல் மதிப்பீட்டை அழுத்தாதீர்கள். இதே கலத்தின் படங்களோடு, மேலிருந்து மட்டும் எடுத்த நான்கு புகைப்படங்களோடு, வேறொரு கணக்கிலிருந்து விற்பனை அறிவிப்பு வந்தால் உடனே எனக்குத் தெரிவியுங்கள்.